முதியவர்களுக்குத் தடுப்பூசி நேரம் எடுத்துக் கொடுப்பது எப்படி? புதிய தன்னார்வலர்களுக்கு

2021இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது, பல நாடுகள் வயதானவர்களுக்குத்தான் முதல் வரிசையில் இடம் ஒதுக்கின. ஆனால் பதிவைப் பெரும்பாலும் இணையத்தில் வைத்தன. மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், ஓடிபி, கோணல்மாணலான எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் கேப்சா என்று ஒவ்வொன்றும் எண்பது வயதுக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பக்கத்தில் மகனோ பேத்தியோ இருந்தவர்களுக்கு நேரம் கிடைத்தது. தனியாக இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் தன்னார்வலர்கள் போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்தார்கள்.

அந்த அவசரம் ஓய்ந்துவிட்டது, தேவை ஓயவில்லை. ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் அதற்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. அக்கிக்கு இப்போது பரவலாகப் போடப்படும் ஊசி இரண்டு தவணை. பொதுவாக 2 முதல் 6 மாத இடைவெளி. நிமோனியா போன்ற தொற்றுகளுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி, கோவிட் பூஸ்டர் என்று இன்னும் இருக்கின்றன. எந்த ஊசி, எந்த வயதிலிருந்து, யாருக்கு இலவசம் என்பதை அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறை முடிவு செய்கிறது. வேலை தொடங்கும் முன் அந்த விதிகளை அதிகாரபூர்வ தளத்தில் படித்து, அச்செடுத்து, தாளின் மேல் அன்றைய தேதியை எழுதி வையுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய தாளைப் பார்த்துச் சொல்லும் தகவல், தகவலே சொல்லாததைவிட மோசம்.

புதிதாக வருபவர்கள் பலர் ஸ்லாட் பிடிப்பதுதான் வேலை என்று நினைத்து வருகிறார்கள். அவர் போய், ஊசி போட்டுக்கொண்டு, பத்திரமாக வீடு திரும்பினால்தான் நம் வேலை முடிகிறது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடத்தில், காலை எட்டு மணிக்கு, லிஃப்ட் இல்லாத மாடியில் எடுத்துக் கொடுத்த நேரம் வீணாகத்தான் போகும். கீழே வரும் எல்லாமே அப்படி வீணாகாமல் பார்த்துக்கொள்வதற்கான வழிகள்.

குழுவும் பட்டியலும்

சின்னக் குழு போதும். முதியவர்களிடம் பேசுபவர், கணினியில் பதிவு செய்பவர், வண்டி ஏற்பாடு செய்பவர், எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பவர் என நான்கு வேலைகள். ஒருவரே இரண்டைச் செய்யலாம். ஆனால் ஒரு முதியவருக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரல்தான் போனில் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஆள் பேசினால் நம்பிக்கை போய்விடும், சொன்னதையே மூன்று பேரிடம் சொல்ல வேண்டியும் வரும்.

பட்டியலுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். அதைத் திறக்கும் அனுமதி குழுவினருக்கு மட்டும் இருக்கட்டும். பெயர், போன், யார் பேசுகிறார், கடைசியாகப் பேசிய தேதி, இப்போது எந்த நிலை, அடுத்து என்ன, எப்போது என்று ஏழு பத்திகள். அந்தக் கடைசி இரண்டும் காலியாக இருக்கும் வரி மறக்கப்பட்ட வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் படம், பிறந்த தேதி, மருந்து விவரம் எதையும் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்டது எத்தனை போனில் தங்கியிருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

யாரை முதலில் எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அறிவிப்பு ஒட்டியதும் முதலில் கூப்பிடுகிறவர்கள், பெரும்பாலும் நாம் இல்லாவிட்டாலும் எப்படியோ நேரம் எடுத்துக்கொள்ளக் கூடியவர்கள். தனியாக இருப்பவர், காது கேளாதவர், போனே இல்லாதவர் நம்மைக் கூப்பிட மாட்டார். நாம்தான் தேடிப் போக வேண்டும். மருந்துக் கடைக்காரர், வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர், தபால்காரர், நூலக ஊழியர் ஆகியோரிடம் உங்கள் குழுவின் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, "இப்படி யாராவது இருந்தா, அவங்க சம்மதத்தோட சொல்லுங்க" என்று கேட்டு வையுங்கள்.

முதல் போன்

முதல் அழைப்புக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் ஐந்து பேரிடம் நிதானமாகப் பேசினால் போதும்.

"வணக்கம்மா. தடுப்பூசிப் பதிவுக்கு உதவுற குழுவிலேர்ந்து பேசுறேன். போன வாரம் லைப்ரரியில பேர் குடுத்திருந்தீங்களே, அதுக்காகத்தான் கூப்பிட்டேன். இப்பப் பேசலாமா, சாயங்காலம் கூப்பிடட்டுமா?"

எங்கிருந்து எண் கிடைத்தது என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மா சந்தேகப்பட்டால் சந்தோஷப்படுங்கள். மோசடிக்காரர்களும் இதே குரலில்தான் பேசுகிறார்கள். "என்னை நம்ப வேண்டாம்மா. லைப்ரரிக்கே போன் போட்டுக் கேட்டுப் பாருங்க, நாளைக்கு நான் திரும்பக் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். சந்தேகம் தெளியாத நிலையில் பிறந்த தேதியையோ அட்டை எண்ணையோ கேட்காதீர்கள். பணம், வங்கி என்ற பேச்சு எந்த நாளும் நம் வாயிலிருந்து வரக் கூடாது. அதையே அவருக்கும் ஒரு பாதுகாப்பாகச் சொல்லிக் கொடுக்கலாம்: "எங்க பேரைச் சொல்லி யாராவது பணமோ பேங்க் விவரமோ கேட்டா, அது நாங்க இல்ல. உடனே வெச்சிடுங்க."

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன. கத்தினால் குரல் இன்னும் உயர்ந்து, சொல் இன்னும் கலங்கும். குரலைச் சற்றுத் தாழ்த்தி, மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுங்கள். எண்களில் தனிக் கவனம் வேண்டும். போனில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோல் ஒலிக்கும், பதினேழும் பதினெட்டும் அப்படியே. "ஒண்ணு, ஏழு" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊசி வேண்டாம் என்பார் சிலர். அது அவர் முடிவு. காரணம் பயமா, போக்குவரத்தா, பழைய அனுபவமா என்று ஒரு முறை கேட்கலாம். போக்குவரத்து என்றால் நம்மால் தீர்க்க முடியும். மருத்துவச் சந்தேகம் என்றால் அவருடைய மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேச வழி செய்து கொடுங்கள். வாதாடாதீர்கள். எந்த ஊசி நல்லது என்று நம் கருத்தையும் சொல்லக் கூடாது.

கேட்டு எழுத வேண்டியவை

பெயர், பிறந்த தேதி இரண்டையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். வயதானவர்கள் பலருக்கு அட்டையில் ஒரு தேதி, வீட்டில் சொல்வது வேறொரு தேதி. அட்டைத் தேதிதான் கணக்கு. 03/07 என்று எழுதினால் மார்ச் மாதமா ஜூலை மாதமா என்ற குழப்பம் வரும். மாதத்தை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது தப்பினால் தளம் "தகுதி இல்லை" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. ஒரே சொல்லில் பெயர் உள்ளவருக்குப் படிவத்தின் இரண்டாவது பெயர்ப் பெட்டியில் என்ன போடுவது என்பதைத் தளத்தின் உதவி எண்ணில் ஒரு முறை கேட்டுவிட்டால், பிறகு எல்லோருக்கும் அதையே செய்யலாம்.

உடல்நிலை பற்றிக் கேட்பது நாம் முடிவு சொல்வதற்காக அல்ல, படிவத்தில் சரியாக நிரப்பவும் ஊசி போடுபவர் காதுக்குக் கொண்டுபோகவும்தான். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால், பதிவுக்கு முன்பே அவர் மருத்துவரிடம் பேச வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். ஊசி போடுபவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பவருக்கு அந்தக் கையில் போட மாட்டார்கள். மார்பக அறுவை சிகிச்சையில் நெறிக்கட்டிகளை எடுத்தவருக்கும் பொதுவாக மறு கையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு உயிருள்ள கிருமி கலந்த சில ஊசிகள் ஆகாது. இவை எதையும் கூட்டத்துக்கு நடுவே, அவசரத்தில், முதியவரே நினைவு வைத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

பிறகு அன்றாடம்: டயாலிசிஸ் எந்தெந்த நாள்? காலையில் எழுந்து தயாராக எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை படி ஏற முடியும்? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கூட யார் வருவார்? வீட்டில் படுக்கையாக உள்ள துணையைப் பார்த்துக்கொள்பவரா? அப்படியென்றால் அவர் வெளியே போகும் நேரத்துக்கு அங்கே ஒரு ஆள் வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்ததால் மட்டுமே தவறும் நேரங்கள் நிறைய.

நினைவு தடுமாறுபவர் என்றால், அவர் சார்பில் சம்மதம் சொல்ல உரிமை உள்ளவர் யார் என்று முதலிலேயே கேட்டு, அவரையும் கூட வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடக் கூடும்.

படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு நிலையத்தில் நேரம் எடுக்காதீர்கள். வீட்டுக்கே வந்து போடும் ஏற்பாடு உண்டா என்று உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தில் கேட்டு, அவர்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள்.

நிலையத்துக்கு ஒரு போன்

பதிவுக்கு முன் ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு முறை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஊசி போடும் நாற்காலி வரை எத்தனை அடி? படி எத்தனை, லிஃப்ட் வேலை செய்கிறதா? சக்கர நாற்காலி அங்கே இருக்கிறதா, நாம் கொண்டுபோக வேண்டுமா? வரிசையில் உட்கார இடம் உண்டா? கழிப்பறை எங்கே? துணைக்கு வருபவரை உள்ளே விடுவார்களா? விடைகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் குழு முழுவதற்கும் உதவும்.

பதிவு

தளத்தைத் திறக்கும் முன், நிரப்ப வேண்டிய எல்லாவற்றையும் ஒரு தாளிலோ நோட்பேடிலோ வரிசையாக எழுதி வையுங்கள். பல தளங்கள் சில நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும், ஸ்லாட்டைத் தொட்ட பிறகு "அட்டை எண் என்னம்மா?" என்று தேட நேரம் இருக்காது.

பிரௌசரில் ப்ரைவேட் விண்டோவைத் திறந்து செய்யுங்கள். சாதாரண விண்டோவில் ஆட்டோஃபில் உங்கள் முகவரியையோ, அதற்கு முன் பதிவு செய்தவரின் போன் எண்ணையோ சத்தமில்லாமல் நிரப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகளில் இதுதான் முதலாவது. ஒரே தளத்தைப் பல டேபில் திறக்காதீர்கள், பேக் பட்டனையும் அழுத்தாதீர்கள். இரண்டுமே பல தளங்களில் பாதியில் அறுத்துவிடும்.

எந்தப் போன் எண்ணைக் கொடுப்பது? உங்கள் எண்ணைக் கொடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் நினைவூட்டல், நேர மாற்றம், இரண்டாம் தவணைச் செய்தி, சான்றிதழ் எல்லாம் உங்கள் போனுக்கு வரும். ஆறு மாதம் கழித்து நீங்கள் குழுவில் இல்லாவிட்டால் அவருக்கு எதுவும் போய்ச் சேராது. ஒரு எண்ணில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கும் தளங்களும் உண்டு. முடிந்தவரை அவர் எண்ணையே கொடுங்கள். போனே இல்லாதவருக்கு அவர் நம்பும் உறவினர் அல்லது பக்கத்து வீட்டார் எண், அவர்கள் சம்மதத்தோடு.

அப்போது ஓடிபி சிக்கல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து செய்வதே நல்லது. தொலைவிலிருந்து செய்வதென்றால் இதை யோசியுங்கள்: பட்டன் போனில் பேசிக்கொண்டிருப்பவர், வந்த மெசேஜைப் பார்க்கப் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் லைன் கட்டாகிவிடுமோ என்று பயப்படுவார், அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் எண் காலாவதியாகிவிடும். ஆகவே ஒத்திகை பாருங்கள். முதலில் உங்கள் போனிலிருந்து ஏதாவது ஆறு இலக்கத்தை மெசேஜாக அனுப்பி, "போனை வெச்சிட்டு, அதைப் பாத்துத் தாள்ல எழுதிக்குங்க. நான் ஒரு நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். அது வந்தால் உண்மையானதும் வரும். வரவில்லையென்றால் மெசேஜ் பெட்டி நிரம்பியிருக்கலாம், பழையதை அழிக்கச் சொல்லுங்கள். "ஓடிபி அனுப்பு" பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் முதல் எண் செல்லாது, அவரோ முதலில் வந்ததைத்தான் படிப்பார். எண்ணைக் கேட்பதற்கு முன் அந்த மெசேஜை முழுவதுமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசிப் பதிவு என்று அதில் இருந்தால் மட்டும் எண்ணைக் கேளுங்கள். முடிந்ததும், வேறு யார் எந்த எண்ணைக் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று மறுபடியும் சொல்லி வையுங்கள்.

நேரம் தேர்ந்தெடுக்கும்போது காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவே பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றதாக இருக்கும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தம்பதி என்றால் அடுத்தடுத்த நேரம். பதிவு எண் திரையில் வரும் வரை பதிவு முடியவில்லை. ஸ்லாட் பச்சை நிறமானதை நம்பிப் பக்கத்தை மூடியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஒருவருக்கு "இருக்கட்டும்" என்று இரண்டு இடத்தில் எடுத்து வைக்காதீர்கள். வீணாகும் அந்த இடம் இன்னொரு முதியவருடையது.

ஸ்லாட்டே இல்லாதபோது, புதிய நேரங்கள் எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கின்றன என்று நிலையத்தில் கேளுங்கள். ரத்தாகும் நேரங்கள் பெரும்பாலும் முந்தின நாள் மாலையிலும் அன்று காலையிலும் வெளிவரும். தளத்தில் இல்லாதது போனில் கிடைப்பதும் உண்டு. பல பேருக்குப் போடும் அளவு மருந்துள்ள குப்பியைத் திறந்தால் சில வகைகளைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாள் முடிவில் மிஞ்சுவதற்காகச் சில நிலையங்கள் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கும். அரை மணி நேரத்தில் கிளம்பிப் போகக் கூடியவர்களை மட்டும், "கூப்பிடாமலும் போகலாம்" என்று சொல்லி, அதில் சேருங்கள்.

கையில் ஒரு தாள்

பதிவு முடிந்ததும் பெரிய எழுத்தில், தடித்த கறுப்பு மையில் ஒரு தாள். கிழமை, தேதி, "காலை" அல்லது "மதியம்" என்ற சொல்லோடு மணி, இடம், பதிவு எண், அழைத்துப் போகிறவர் பெயர், உங்கள் போன் எண். கீழே கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, பழைய தடுப்பூசி அட்டை, மருந்துப் பட்டியல், கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர். பின்பக்கம் உடல்நிலைக் குறிப்பு. போன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கொடுக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எப்பக் கிளம்பணும், யார் வருவாங்கன்னு ஒரு தடவை நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று கேளுங்கள்.

முந்தின நாளும் அன்றும்

முந்தின நாள் மாலை ஒரு போன், அன்று கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு போன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நிலையத்தைக் கேட்டு நாளை மாற்றுங்கள். வழக்கமான மாத்திரைகளை வழக்கம்போல் சாப்பிடட்டும். ஊசிக்காக, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வரட்டும். தோள் வரை எளிதாகத் தூக்கக் கூடிய தளர்ந்த கை உள்ள சட்டை நல்லது.

10, 15 நிமிடம் முன்னால் போனால் போதும். ஒரு மணி நேரம் முன்னால் போனால் நிற்கத்தான் வேண்டிவரும். ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார வைப்பார்கள், முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்களைப் பெரும்பாலும் 30 நிமிடம். வண்டி ஓட்டுபவரிடம் "இறக்கிவிட்டு வா" என்று சொல்லாமல் ஒன்றரை மணி நேர வேலை என்று சொல்லி வையுங்கள். வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போகும் அந்தச் சில நிமிடம் முதியவர் தனியாக நிற்காதபடி இன்னொரு ஆள் வேண்டும்.

கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையில் பெயர், ஊசியின் பெயர், தேதி, அடுத்த தவணைத் தேதி எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விட்டுப்போனதை அங்கே கேட்டால் ஒரு நிமிட வேலை, பிறகு கேட்டால் ஒரு வார அலைச்சல். அட்டையை அவர் போனிலோ உறவினர் போனிலோ படமெடுத்து வைக்கட்டும், அசல் வீட்டில் இருக்கட்டும்.

அன்று இரவும் மறுநாளும் ஒரு வார்த்தை பேசுங்கள். கை வலி, அசதி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம் என்பதை முன்பே சொல்லியிருந்தால் பயப்பட மாட்டார். காய்ச்சல் அசதியில் இரவில் எழுந்து தடுமாறி விழக் கூடும், ஆகவே படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு விளக்கு எரியட்டும். மூச்சுத் திணறல், முகமோ தொண்டையோ வீங்குதல், மயக்கம் என்றால் நமக்குப் போன் செய்து காத்திருக்கக் கூடாது. அவசர எண்ணைத்தான் அழைக்க வேண்டும். அந்த எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

அடுத்த தவணை

இரண்டு தவணை ஊசி என்றால், முதல் தவணை போட்ட அன்றே இரண்டாவதற்கு நேரம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் தானாகவே பதிவாகும், சில இடங்களில் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் விடுவதால்தான் பலருக்கு இரண்டாம் தவணை தவறுகிறது. தேதி தாண்டிவிட்டாலும் சோர வேண்டாம். பெரும்பாலான ஊசிகளுக்கு முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிலையத்தில் கேட்டு உடனே நேரம் எடுங்கள். நடுவில் நீங்கள் குழுவை விட்டு விலகினால், அடுத்துப் பொறுப்பேற்பவரை நீங்களே போனில் அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள்.

கடைசித் தவணை முடிந்ததும் அவரைப் பற்றிய விவரங்களை ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்தும் போனிலிருந்தும் நோட்பேடிலிருந்தும் அழித்து, தாள்களைக் கிழித்துப் போடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: "அடுத்த ஃப்ளூ ஊசி சமயத்துல கூப்பிடட்டுமா?" சரி என்பவரின் பெயரும் போன் எண்ணும், எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார் என்ற குறிப்பும் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். ஊசி போட்டு அது வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்பதால், ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பெயர்களைக் கூப்பிடத் தொடங்குங்கள்.